இடது ஓரம் மூன்று சென்டிமீட்டர்

முப்பத்தொரு வருஷம் நான் தொழிற்பள்ளியில் எந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்தேன். தாளின் இடது பக்கம் இருபது மில்லிமீட்டர் ஓரம் விட வேண்டும், மற்ற மூன்று பக்கமும் பத்து போதும். வருஷத்தின் முதல் வகுப்பில் முதல் பாடம் இதுதான். பல்சக்கரத்தை எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாலும் சரி, இடது ஓரம் விடாத பயலுக்கு இரண்டு மார்க் குறைப்பேன். "இதை எங்கடா தைப்பாங்க, உன் சட்டைப் பையிலயா?" என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்பேன். மற்றவர்கள் சொல்லிக்காட்டுவதற்கு முன் நானே இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எங்கள் பிளாக்கின் கையெழுத்துப் பட்டியலை, இடது பக்கம் வெறும் அரை சென்டிமீட்டர் விட்டு அச்சடித்த மேதாவி நான்தான்.

எங்கள் பிளாக்கில் கீழ்த்தளத்தையும் சேர்த்துப் பதினோரு தளம். தளத்துக்கு நான்கு வீடு, ஆக நாற்பத்து நான்கு. நாங்கள் ஏழாவது மாடி. போன வருஷம் பிப்ரவரியில் என் மனைவி அக்லாயாவுக்குப் பக்கவாதம் வந்து, இடது கையும் இடது காலும் போயின. மார்ச் முதல் வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பழைய லிஃப்டில்தான் அவளை மேலே கொண்டுவந்தேன். மார்ச் கடைசியில் சோதனைக்காரர்கள் வந்தார்கள். கயிறு தேய்ந்துவிட்டது, மோட்டார் செத்துவிட்டது என்று எழுதிக் கதவில் ஒட்டி, சீல் வைத்துவிட்டுப் போனார்கள். பதினான்கு மாதம் ஆகிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை அவள் கீழே போயிருக்கிறாள். தலையை ஸ்கேன் எடுக்க ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு கட்டித் தூக்கினார்கள். நான்காவது மாடித் திருப்பத்தில் ஒருவனுக்குக் கால் வழுக்கி, அவள் முழங்கால் சுவரில் இடித்தது. சத்தம் கேட்டு எல்லா வீட்டிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். அக்லாயா இந்த ஊர் நீச்சல் குளத்தில் இருபது வருஷம் பயிற்சி கொடுத்தவள், அவளுக்கு அழக்கூடத் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அழுதாள். "இனிமே என்னைப் பொட்டியில வெச்சுத்தான் இறக்கணும்," என்றாள். வீட்டை விற்றுவிட்டுக் கீழ்வீடு வாங்கலாமே என்று எனக்கு யோசனை சொல்லாத ஆள் கிடையாது. லிஃப்ட் இல்லாத ஏழாவது மாடியை எந்தக் கிறுக்கன் வாங்குவான்?

இந்த வசந்தத்தில் நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய பிளாக்குகளுக்கு அவர்களே புது லிஃப்ட் போட்டுத் தருவார்கள். வீட்டுக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதக் கையெழுத்து போட வேண்டும். எங்களுக்கு முப்பது. கடைசி நாள் மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. அடுத்த தடவை எப்போது என்று கேட்டால் நகராட்சியில் சிரிக்கிறார்கள். யாருமே சீந்தாத பிளாக் நிர்வாகி பதவியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன், இதற்காகத்தான்.

பட்டியலை வீட்டில் எக்செல்லில் அடித்தேன். வரிசை எண், வீட்டு எண், பெயர், அடையாள அட்டை எண், சம்மதம், கையெழுத்து என்று ஆறு பத்தி. திரையில் எல்லாம் பொருந்தித்தான் நின்றது. அச்சடிக்கப் போனால் கையெழுத்துப் பத்திக்குச் சரியாக முன்னால் ஒரு புள்ளிக்கோடு வந்து விழுந்தது. தாள் அங்கே முடிகிறது, மிச்சம் அடுத்த தாளில் என்று அர்த்தம். கையெழுத்து இல்லாத கையெழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடது ஓரத்தைக் குறைத்தேன். புள்ளிக்கோடு கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் குறைத்தேன். அரை சென்டிமீட்டரில் கோடு கையெழுத்துப் பத்தியைத் தாண்டிப் போயிற்று. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கையெழுத்து வாங்கினேன். சனிக்கிழமை காலைகளில் கீழே கதவருகே அட்டையோடு நிற்பேன். சந்தைப் பையோடு வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். முப்பத்திரண்டு கிடைத்தது. அப்போதே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். மிச்சம் பன்னிரண்டு பேரையும் மடக்கிவிடலாம் என்ற பேராசையில் கடைசிப் புதன்கிழமை வரை இழுத்தேன்.

புதன் காலை நகராட்சியில் எனக்கு முன்னால் வேறொரு பிளாக்கின் நிர்வாகி நின்றிருந்தார். கோப்பு வாங்குகிற, பெஸ்காரு என்ற பெயருள்ள அம்மா அவருடைய பட்டியலை வரிவரியாகக் கணினியோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்து, ஒரு வரியில் நிறுத்தினாள்.

"இவங்க ஜனவரியிலயே செத்துட்டாங்களே. கையெழுத்து ஏப்ரல்ல போட்டிருக்காங்க."

அவர் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார். போலீஸைக் கூப்பிடாமல் விட்டதே அந்த அம்மாவின் நல்ல மனசு. அடுத்தது நான். என் பட்டியலில் எல்லாரும் உயிரோடு இருக்கும்போது போட்டதுதான் என்று நிமிர்ந்துதான் நின்றேன். அவள் ஒப்பிட்டு முடித்தாள், முப்பத்திரண்டு என்று எண்ணினாள், நூலையும் ஊசியையும் எடுத்தாள். முதல் தாளைத் துளை போடும் கருவிக்குள் நுழைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஐயா, இதுல எங்க தைக்கறது?"

"இடது பக்கம்."

"இடது பக்கம் எங்க இருக்கு? வீட்டு நம்பர்ல இருக்கு இது. ஓட்டை போட்டா நம்பரும் போயிடும், பேர்ல பாதியும் போயிடும். படிக்க முடியாத வரிய, கையெழுத்தை எண்ணற கமிஷன் குழு எண்ணாது." வழிகாட்டிப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். "ஒம்பதாம் பக்கம் பாருங்க. இடது ஓரம் மூணு சென்டிமீட்டர்."

"ஒரு துண்டுக் காகிதத்தை ஓரத்துல ஒட்டித் தரட்டா? அதுல தைங்க."

"ஒட்டின தாளும் திருத்தின தாளும் ஒண்ணுதான். திருப்பி அனுப்பிடுவாங்க."

"நகல் எடுக்கும்போது வலது பக்கம் தள்ளி எடுத்தா?"

"கையெழுத்து அசலா இருக்கணும். நீல மையில."

"அம்மா, என் பொண்டாட்டி பதினாலு மாசமா ஏழாவது மாடியில இருக்கா."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "எனக்குப் புரியுதுங்க. ஆனா தைக்காத கோப்பு கோப்பே இல்லைங்க. வெள்ளிக்கிழமை பன்னெண்டு வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். திரும்ப அடிச்சு, திரும்பக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. அவள் சொன்னது நான் முப்பத்தொரு வருஷம் சொன்னதுதான். கத்துவதற்கு எனக்கு ஆள் கிடைக்காமல் போனது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

நகராட்சிக்கு எதிரே ஸெனோவியாவின் ஜெராக்ஸ் கடை. கோப்பு அட்டை, தைக்கிற நூல், நீல மைப் பேனா எல்லாம் அவளிடம் கிடைக்கும். உள்ளே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் ரோட்டைக் கடந்து அவளிடம்தான் வருவார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னிடம் படித்தவள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அடடே, பனாயித் வாத்தியாரா! என்ன வேணும், நூலா, அட்டையா?"

"மார்ஜின் வேணும்."

தாளை வாங்கிப் பார்த்தாள். "யாரு சார் இப்படி அடிச்சது?"

"நான்தான்."

"நீங்களா? எனக்கு ஓரம் விடலைன்னு எட்டை ஆறாக்குன அதே ஆளா?"

"அதே ஆள்தான். சந்தோஷமா?"

"பரம சந்தோஷம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க."

என் பென் டிரைவைச் செருகினாள். இடது ஓரம் மூன்று என்று தட்டினாள். நான்கு பக்கமாக இருந்த பட்டியல் எட்டுப் பக்கமானது. முதல் நான்கு தாளில் பெயர்கள், அடுத்த நான்கு தாளில் வெறும் கையெழுத்துக் கட்டங்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் ஸெனோவியா. "கல்யாணம் ஒரு ஊர்ல, முதலிரவு இன்னொரு ஊர்ல."

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. எல்லாப் பத்தியையும் ஒரே தாள்ல அடக்க ஒரு பொத்தான் இருக்குமே?"

அமுக்கினாள். அடங்கியது. எழுத்தெல்லாம் கடுகாகிவிட்டது.

"உங்க பிளாக்குல இருக்கற கிழவிங்களுக்கு இதைப் படிக்க பூதக்கண்ணாடி யாரு தருவா?"

"தாளைப் படுக்கைவசமாப் போட்டா?"

"அப்போ குட்டைப் பக்கத்துல தைக்கணும். பெஸ்காரு அம்மா ஒத்துக்கமாட்டா. போன வாரம் ஒருத்தர் அப்படிக் கொண்டுபோய்ட்டு, இதே ஸ்டூல்ல உக்காந்து அழுதாரு."

வலது ஓரத்தைக் குறைத்தோம். அதிகம் குறைத்ததில், அடித்து வந்த தாளில் கையெழுத்துக் கட்டத்தின் வலது கோட்டைக் காணோம். மெஷின் தாளைப் பிடிப்பதற்குக் கொஞ்சம் இடம் வேண்டுமாம், அதுவரை வந்து அச்சடிக்காதாம். மறுபடி கூட்டினோம், புள்ளிக்கோடு மறுபடி உள்ளே வந்தது. வரிசை எண் பத்தியைத் தூக்கினேன். வீட்டு எண்ணே ஒரு வரிசைதானே. அடையாள அட்டை எண்ணின் எழுத்தைச் சின்னதாக்கினாள். "சம்மதம்" பத்தியின் கோட்டைப் பிடித்து அவள் இழுக்க, "இன்னும் ரெண்டு மில்லிமீட்டர், இன்னும் ஒண்ணு, நிறுத்து!" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பழையபடி வகுப்பில் நிற்பது போல இருந்தது.

நான்கு தாள் வெளியே வந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். இடது பக்கம் மூன்று சென்டிமீட்டர், ஒரு மயிரிழை பிசகில்லை. அவ்வளவு ஒழுங்கான பட்டியலை அந்த நகராட்சி பார்த்திருக்காது. அதில் ஒரு கையெழுத்துகூட இல்லை.

வழியில் அவள் கேட்ட தக்காளியை வாங்கிக்கொண்டு ஏழு மாடி ஏறி வீட்டுக்குப் போனபோது அக்லாயா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய பட்டியலின் நகல், வலது கையில் பென்சில். ஸெனோவியா கடையிலிருந்தே போனில் சொல்லியிருந்தேன். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"முதல்ல தக்காளியக் காட்டு," என்றாள்.

காட்டினேன்.

"இது தக்காளியா? பிள்ளைங்க விளையாடித் தூக்கிப்போட்ட பந்து மாதிரி இருக்கு. லிஃப்ட் வரட்டும், சந்தையில நானே பொறுக்கறேன். உன்னை நம்பி நாக்கு செத்துப்போச்சு." பிறகு நகலைத் தட்டினாள். "முப்பத்திரெண்டுல ரெண்டு போச்சு. ஆறாவது மாடி ஹரலாம்பியே போய்ட்டாரு."

ஹரலாம்பியே கையெழுத்து போட்ட ஐந்தாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். ஒன்பதாம் நாள் சாப்பாட்டில் நானும் உட்கார்ந்து, செத்தவர்களுக்காகச் செய்கிற கோதுமை இனிப்பான கோலிவா சாப்பிட்டேன். அவர் வீடு இன்னும் மகன் பெயருக்கு மாறவில்லை, மகன் போட்டால் செல்லாது.

"முப்பத்தெட்டாம் நம்பர்க்காரங்களும் ஸ்பெயினுக்குத் திரும்பிட்டாங்க," என்றாள். "மிச்சம் முப்பது. சரியா முப்பது. ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு. போ, நிக்காத."

"காபி குடிச்சிட்டுப் போறேன்."

"வந்து குடி."

புதன் சாயங்காலமும் வியாழன் முழுதும் மாடிப்படியில்தான் இருந்தேன். அறுபத்தாறு வயசு, முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பத்தாவது மாடியில் ஆரம்பித்துக் கீழே வந்தேன். அக்லாயா மேலேயிருந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து ஆள் வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டு எனக்குச் சொல்லுவாள். முதல் தடவை சிரித்துக்கொண்டே போட்டவர்கள் இரண்டாம் தடவை தாளைப் படித்தார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "போன தடவை இவ்வளவு எழுதியிருக்கலையே," என்றான் ஒருவன். எழுதியிருந்தது, அவன்தான் படிக்கவில்லை. எட்டாவது மாடியில் ஒரு அம்மா, எத்தனை மாதம் வேலை நடக்கும், தூசி வருமா, என் பூனைக்கு ஆஸ்துமா என்றாள். பூனைக்கு ஆஸ்துமாவா என்று கேட்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். கடைசியில் கட்டத்தை விட்டு வெளியே போகிற மாதிரி பெரிதாகப் போட்டுக் கொடுத்தாள்.

வியாழன் சாயங்காலம் இருபத்தெட்டு. வெள்ளி காலை ஏழு மணிக்கு லாரி ஓட்டுகிற மூன்றாவது மாடிக்காரன் ராத்திரிப் பயணம் முடிந்து வந்தான், குளிக்கக்கூட விடாமல் வாங்கினேன். இருபத்தொன்பது. பாக்கி ஒரே ஒரு ஆள், கீழ்த்தளம் இரண்டாம் நம்பர் கவ்ரில். அவனைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அவனைப் பற்றிக் கவலையே இல்லாததுதான். முப்பது வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் நானும் அவனும் தாயக்கட்டை உருட்டிப் பலகை ஆடுகிறோம்.

எட்டரை மணிக்கு அவன் கதவைத் தட்டினேன்.

"வா, உக்காரு. காபி போட்டிருக்கேன். ஒரு ஆட்டம் போடலாமா?"

"கையெழுத்தைப் போடு, பன்னெண்டு மணிக்கப்புறம் நாள் பூரா ஆடலாம்."

பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தான். என்னைப் பார்க்காமல் காபியைக் கலக்கினான்.

"பனாயித்து, நான் யோசிச்சேன்."

"எதை?"

"புது லிஃப்டுக்குக் குழி எங்க வெட்டுவாங்க தெரியுமா? பழைய இடத்துல இல்லை, என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம். எட்டு மாசம் துளை போடுவாங்க. அதுக்கப்புறம் ராப்பகலா கர்ர்ருன்னு ஓடும். நான் கீழ்வீட்டுக்காரன். எனக்கு எதுக்குய்யா லிஃப்ட்?"

"போன தடவை போட்டியே!"

"போன தடவை நீ வாசல்ல நின்னு கேட்டே. முன்னாடி ரெண்டு பொம்பளைங்க, பின்னாடி பாதிரியார். அக்லாயாவுக்காகன்னு சத்தமாச் சொன்னே. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாங்க. அப்போ எப்படிய்யா இல்லைன்னு சொல்றது? வெக்கத்துக்குப் போட்டேன். போட்டுட்டு வந்து மூணு வாரமாத் தூக்கமில்லை. முந்தாநேத்து நீ திரும்பக் கையெழுத்து கேட்டு ஏறி இறங்கறேன்னு கேள்விப்பட்டேன். கடவுளாப் பாத்து வழி விட்டான்னு நெனச்சேன்."

"கவ்ரில், அவ சாகற வரைக்கும் அந்த வீட்டுக்குள்ளயே கிடக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"வேற என்ன சொல்றே?"

"உன்கிட்ட நேர்ல சொல்றேன் பாரு. வேற ஆளா இருந்தா கதவையே திறந்திருக்க மாட்டேன்." காபியைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குப் பதிலா நீயே போட்டுடாத. உன்னை எனக்குத் தெரியும். கமிஷனுக்கு எழுதிடுவேன்," என்றான்.

மேஜைமேல் விரித்து வைத்திருந்த ஆட்டப் பலகையைக் கையால் தட்டிவிட்டேன். காய்கள் அடுப்புக்கடியில் எல்லாம் உருண்டன. அவன் அசையவில்லை. பிறகு கெஞ்சினேன். முட்டி போட்டுக் கெஞ்சினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். "எந்திரி, பனாயித்து, எந்திரி," என்று என் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். பேனாவை மட்டும் தொடவில்லை.

அவனை வில்லன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் படி ஏறும்போது யோசித்துப் பார்த்தேன். அந்தச் சுவருக்குப் பின்னால் நான் தூங்குகிறவனாக இருந்து, மேலே வேறு யாருடைய மனைவியோ இருந்திருந்தால், இரண்டாவது தடவை நான் போட்டிருப்பேனா? தெரியவில்லை. ஒருவனை ஒரு முறைதான் வெட்கப்படுத்தலாம். நான் அவனுக்கு மூன்று வாரம் யோசிக்க நேரம் கொடுத்துவிட்டேன், இரண்டரை சென்டிமீட்டர் காகிதத்தை மிச்சம் பிடிக்கப் போய்.

மூன்று மணி நேரம் பாக்கி இருந்தது. முதலிலிருந்தே மறுத்த பன்னிரண்டு வீட்டையும் மறுபடி தட்டினேன். ஐந்து வீட்டில் ஆள் இல்லை. நான்கு பேர் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே வேண்டாம் என்றார்கள். ஒருவன் வாடகைக்காரன், ஒருத்தி மகனைக் கேட்க வேண்டும் என்றாள், மகன் போனை எடுக்கவில்லை. நாற்பத்து நான்காம் நம்பர்க்காரர் மட்டும் நிதானமாகக் கேட்டுவிட்டு, "உங்க சம்சாரத்துக்காக ஜெபம் பண்றேன்," என்றார். கையெழுத்து போட முடியுமா என்றேன். ஜெபம் மட்டும் என்றார்.

ஹரலாம்பியேயின் வரிக்கு முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு ஆறாவது மாடிப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கணினி செத்தவர்களை உடனே காட்டிக்கொடுக்கும் என்று கண்ணால் பார்த்திருந்தேன். அது மட்டும் தெரியாதிருந்தால் போட்டிருப்பேன். மனசாட்சியெல்லாம் அன்றைக்கு என்னிடம் இல்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பெஸ்காரு அம்மா முன்னால் நின்றேன். வரிவரியாக ஒப்பிட்டாள். பென்சிலால் எண்ணினாள், மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"இருபத்தொம்பது இருக்குங்க."

"தெரியும்."

"முப்பது வேணும்ல?"

"தெரியும்மா. வாங்கிக்க முடியுமா, முடியாதா?"

"வாங்கறது என் வேலைங்க. எண்ணறது கமிஷன் வேலை. ஆனா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

துளை போட்டாள். நூல் கோத்தாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் எழுதினாள். நூல் முனையை முடிந்து, அதன்மேல் சின்னத் தாள் ஒட்டி முத்திரை குத்தினாள். ஓட்டைகள் வெள்ளை ஓரத்தின் நட்டநடுவில் விழுந்திருந்தன. ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

"மார்ஜின் ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா," என்றாள். "எல்லாரும் இப்படிக் கொண்டுவந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி."

பதிவு எண் எழுதிய சீட்டைக் கொடுத்தாள். வாசலுக்கு வருவதற்குள் போன் அடித்தது.

"வாங்கிக்கிட்டாங்களா?" என்றாள் அக்லாயா.

"வாங்கிக்கிட்டாங்க."

"தைச்சாங்களா?"

"தைச்சாச்சு. நம்பர் குடுத்துட்டாங்க."

மறுமுனையில் அவள் மூச்சு விட்டது கேட்டது. எத்தனை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் கோழை. ஏழு மாடி ஏறுவதற்குள் சொல்ல வார்த்தை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஐந்தாவது மாடியில் உட்கார்ந்தேன், ஆறாவதில் உட்கார்ந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்தேன். கூடத்தில் நாற்காலியில் அக்லாயா குளிர்கால மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மே மாதம், வெளியே நல்ல வெயில். நெற்றியெல்லாம் வியர்வை. கீழே இருந்து மேல் பொத்தான் வரை எல்லாம் போட்டிருந்தாள்.

"என்ன இது?"

"எப்படியும் லிஃப்ட் குளிர்காலத்துலதான் வரும்னு ஒரு கணக்குப் போட்டேன். ஒத்தக் கையால மாட்ட முடியுமான்னு பாத்தேன். உன் போனை வெச்ச உடனே ஆரம்பிச்சேன். நாப்பது நிமிஷம்! பொத்தான் மட்டும் இருபது நிமிஷம் எடுத்துச்சு. பழகினா குறையும்." அவள் முகம் சிவந்திருந்தது. பதினான்கு மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. "என்ன பாக்கற? நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் அப்படி நிக்கற?"

"இருபத்தொம்பது, அக்லாயா."

அவள் உடனே புரிந்துகொண்டாள். கோட்டின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு?"

"கவ்ரில்."

"ம்," என்றாள். அவனைத் திட்டுவாள், என்னையாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"கழட்டி விடு. வேர்க்குது."

முட்டி போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உணர்ச்சியில்லாத கையை முதலில் எடுத்து, பிறகு மற்றக் கையை எடுத்தேன். கதவுப் பக்கத்துக் கொக்கியில் மாட்டப் போனேன். அவளுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து அது அங்கேதான் தொங்கியது, எடுத்து வைக்க அவள் ஒரு நாளும் விட்டதில்லை.

"அங்க வேணாம்," என்றாள். "அலமாரிக்குள்ள வை. பின்னாடி தள்ளி வை. அந்துருண்டை போட்டு வை, இல்லேன்னா பூச்சி அரிச்சிடும்."

அலமாரியில் தேடினேன். வீட்டில் அந்துருண்டை இல்லை. வாங்கி வர ஏழு மாடி இறங்கினேன்.